பட்டறை ஆசானுக்கும் ஒரு வகுப்பறை

முடிதிருத்தகம், நகைப்பட்டறை, ஜவுளிக்கடை ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டு ஆட்களை எடுப்பதை மலேசிய அரசாங்கம் 2009-இல் நிறுத்தி வைத்தது. உள்ளூர் இளைஞர்கள் அந்த இடங்களுக்கு வந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. இத்தொழில்களின் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தன. கடைசியில் 2023-இல், மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டுத் தொழிலாளர்களை அனுமதிக்க அரசாங்கம் இணங்கியதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு அது நிம்மதி தந்த செய்தி.

இடையில் கழிந்த பதினான்கு ஆண்டுகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது: நம் பிள்ளைகளுக்கு அந்த வேலைகளில் நாட்டமில்லை. சம்பளமும் வேலை நேரமும் அவர்களை விரட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் நாட்டத்தோடு வந்த பிள்ளைக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க யாரைத் தயார் செய்து வைத்திருந்தோம்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

தொழில் தெரிந்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரிந்திருக்கும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பத்து ஆண்டுகளில் நகை வேலை பழகிய ஒருவரிடம் இருபது இளைஞர்களை ஒப்படைத்து, ஒரே ஆண்டில் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயார்படுத்தச் சொன்னால் அவர் திணறித்தான் போவார். கை செய்வதை வாயால் விளக்க வேண்டும். எதை முதலில் சொல்வது, எதை ஒத்திப்போடுவது என்று தெரிய வேண்டும். ஒருவன் தடுமாறுவது கையில் உள்ள குறையாலா, கணக்குப் புரியாததாலா, வீட்டுக் கவலையாலா என்று பிரித்தறிய வேண்டும்.

அமெரிக்க மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் லைபீரிய நாட்டுத் தையற்காரர்களிடையே இருந்து ஆய்வு செய்தார். அங்கே பழகுநர்கள் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, இஸ்திரி போடுவது என்று கடைசி வேலைகளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறார்கள். பிறகு துண்டுகளை இணைத்துத் தைக்கிறார்கள். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் கைக்கு வருவது எல்லாவற்றுக்கும் பிறகுதான். காரணம் எளியது. கோணலாகப் போன பொத்தானைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தப்பாக வெட்டிய துணி வீண். அதோடு, முடிந்த ஆடையைத் தினமும் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு எந்தத் துண்டு எதற்கு என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. அந்தத் தையற்காரர்களின் சமூகம் தலைமுறைகளாக வடித்தெடுத்த பாடத்திட்டம் அது. பட்டறையை விட்டு வகுப்பறைக்கு வந்த பயிற்றுநருக்கோ அப்படி ஒரு வரிசையை யாராவது காட்டித்தர வேண்டியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அங்கிருக்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் குர்னி பயிற்சி நிலையம் பார்வையற்றவர்களுக்குத் தொழில் கற்றுத்தருகிறது. அந்த வட்டாரத்தின் பார்வையற்றோர் மசாஜ் நிலையங்களை அறியாத கோலாலம்பூர்வாசி குறைவு. பார்வை இல்லாத மாணவரிடம் ‘இதைப் பார்த்துச் செய்’ என்று சொல்ல முடியாது. அழுத்தம், திசை, தசையின் இருப்பு அத்தனையையும் தொட்டுத்தான் உணர்த்த வேண்டும். கற்பிக்கும் முறையே ஒரு தனித்தொழில் என்பது அங்கே முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது.

நாட்டில் பயிற்றுநரை உருவாக்கும் ஏற்பாடே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 1981-இல் ஜப்பானியப் பிரதமர் ஸென்கோ சுசுகி ஆசியான் நாடுகளுக்கு வந்தபோது மனிதவள மேம்பாட்டுக்கு 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். மலேசியா தன் பங்கைக் கொண்டு ஷா ஆலாமில் அமைத்ததுதான் சியாஸ்த் எனப்படும் பயிற்றுநர் மற்றும் உயர்திறன் பயிற்சி மையம். கிடைத்த உதவியில் இன்னொரு தொழிற்பள்ளியைக் கட்டாமல், தொழிற்பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தைக் கட்டியது தொலைநோக்குள்ள முடிவு. தொழிற்பயிற்றுநர்களுக்கான சான்றிதழ் வகுப்புகள் அங்கேதான் நடக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்த பிறகு எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் முறையும் இறுகியது. தகவல் தாளும் பணித்தாளும் எழுதுவது, மாணவரின் செய்முறையை மதிப்பிடுவது, கோப்புகளை ஒழுங்காக வைப்பது எல்லாம் பயிற்றுநரின் தலையில் ஏறின.

நுழைவாயில் இருக்கிறது. அதற்குப் பிந்திய பாதைதான் இல்லை. அரசாங்க ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற கொள்கை 2005-இல் வந்தது. அரசாங்கத் தொழிற்கல்லூரி ஆசிரியருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. கிள்ளானில் கடைவீட்டு மாடியில் இயங்கும் தனியார் நிலையத்தின் பயிற்றுநர் ஒரு முறை சான்றிதழ் வாங்கியபின் மறுபடி எப்போது மாணவராக உட்கார்வார் என்பது, பெரும்பாலும் அந்த நிலையத்தின் பணப்பெட்டியைப் பொறுத்த விஷயம்.

இதை வெறும் தரப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதற்கில்லை. உயிர்ப் பிரச்சினையும் கூட. குளிர்சாதனப் பழுதுபார்ப்பை எடுத்துக்கொள்வோம். பழைய ஏர்கோன்களில் ஆர்22 வாயு இருந்தது. அது எளிதில் தீப்பற்றாது, ஆனால் ஓசோன் படலத்தைக் கெடுக்கும். மொன்ட்ரியல் உடன்பாட்டின்படி வளரும் நாடுகள் அதை 2030-க்குள் ஏறக்குறைய முழுதாகக் கைவிட வேண்டும். இன்று வீடுகளுக்கு வரும் புதிய ஏர்கோன்கள் பலவற்றில் இருப்பது ஆர்32. அது மிதமாகத் தீப்பற்றக்கூடியது. கசிவைச் சோதிப்பது, அறையைக் காற்றோட்டமாக வைப்பது, பற்றவைக்கும் முன் குழாயைக் காலி செய்வது ஆகியவற்றில் பழைய பழக்கம் உதவாது. ஆர்22 காலத்தில் தொழில் கற்ற பயிற்றுநர் தன் அறிவைப் புதுப்பிக்காமல் இருந்தால், அவரிடம் படிக்கும் பதினெட்டு வயதுப் பையன் அந்த ஆபத்தோடுதான் அடுக்குமாடி ஏறுகிறான். வாகனப் பட்டறையிலும் இதே கதைதான். புரோட்டோன் தன் முதல் மின்சாரக் கார் இ.மாஸ் 7-ஐ 2024 டிசம்பரில் வெளியிட்டுவிட்டது. உயர் மின்னழுத்தப் பேட்டரியைக் கழற்றும் முறையைப் பயிற்றுநர் எங்கே போய்ப் பழகுவார்?

பணம் இல்லை என்ற பதில் இங்கே செல்லாது. எச்ஆர்டி கோர்ப் நிறுவனத்தின் நிதி இதற்காகவே திரட்டப்படுகிறது. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை அந்த நிதிக்குச் செலுத்துகிறார்கள். அதைத் தம் ஊழியர்களின் பயிற்சிக்குத் திரும்பப் பெறலாம். ஐந்து முதல் ஒன்பது பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம். அதற்கும் கீழே கதவு மூடியிருக்கிறது. இரண்டு முழுநேரப் பயிற்றுநர், ஒரு குமாஸ்தா, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் சில பகுதிநேரத்தார் என்று ஓடும் சிறிய நிலையமும், நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் நகைப்பட்டறையும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கின்றன. பகுதிநேரப் பயிற்றுநருக்கு இன்னொரு சுமையும் உண்டு. பயிற்சிக்குப் போகும் நாளில் அவருக்கு வருமானம் இல்லை.

ஜெர்மனியின் அனுபவம் நமக்கு நேரடியாகப் பொருந்தும். ஏனென்றால் 2005-இல் மலேசியா தொடங்கிய எஸ்எல்டிஎன் இரட்டைப் பயிற்சி முறை அங்கிருந்து பெறப்பட்டதே. பட்டறையில் பழகுநர்களை வைத்துப் பயிற்சி தருபவர் கற்பிக்கும் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்று ஜெர்மனி 1972-இல் விதி செய்தது. பழகுநர் இடங்களைக் கூட்டுவதற்காக 2003-இல் அந்த விதியைத் தளர்த்தி வைத்தார்கள். தரம் பற்றிய கவலை எழுந்தது. 2009-இல் விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தகுதித் தேர்வை நீக்கிவிட்டால் இடங்கள் பெருகும் என்ற ஆசையை, ஆறு ஆண்டுகள் பார்த்துவிட்டு அந்த நாடே கைவிட்டது. முறையை இரவல் வாங்கிய நாம் இந்தப் பாடத்தையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

இந்தியச் சமூகத்துக்கான உருமாற்றப் பிரிவாகிய மித்ராவுக்கு 2019 முதல் பல வரவுசெலவுத் திட்டங்களில் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. திறன் பயிற்சித் திட்டங்களுக்கும் அதிலிருந்து மானியம் போயிருக்கிறது. மாணவர் கட்டணம், இயந்திரம், திறப்பு விழா எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். பயிற்றுநரை இரண்டு வாரம் வெளியே அனுப்பிப் படிக்க வைப்பது படத்தில் வராது. ஆகவே மானியம் பெறும் ஒவ்வொரு தொழிற்பயிற்சித் திட்டத்திலும் ஒரு பகுதி பயிற்றுநரின் படிப்புக்கும், அந்த நாட்களின் இழந்த ஊதியத்துக்கும் என்று நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும். எச்ஆர்டி கோர்ப் நிதியிலும் சிறிய நிலையங்களின் பயிற்றுநர்களுக்கென ஒரு பொதுப் பங்கு பிரிக்கப்பட வேண்டும்.

மூத்த தொழிலாளர்களின் அனுபவத்தைச் சான்றிதழாக மாற்ற பிபிடி என்ற வழி ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் சேராமல், செய்த வேலையின் ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தே எஸ்கேஎம் பெறலாம். ஐம்பது வயதுப் பொற்கொல்லருக்குத் தொழில் தடையல்ல, மலாய்மொழியில் நிரப்ப வேண்டிய கோப்புதான் தடை. தமிழில் பேசி, மலாயில் எழுத உதவும் ஒரு வழிகாட்டியை பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அமர்த்தினால், அடுத்த படியான பயிற்றுநர் சான்றிதழுக்கு அவர்களில் சிலராவது வருவார்கள். வகுப்புகளும் அவர்களைத் தேடி வர வேண்டும். கடையை மூடிவிட்டு வேலை நாட்களில் ஷா ஆலாமுக்குப் போய்வர அவர்களால் முடியாது.

மனிதவள அமைச்சை இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் பலமுறை வழிநடத்தியிருக்கிறார்கள். டாக்டர் எஸ். சுப்ரமணியம், எம். குலசேகரன், எம். சரவணன், வி. சிவகுமார் என்று வெவ்வேறு கட்சிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இந்தக் கோரிக்கையைக் காதுகொடுத்துக் கேட்கும் ஆட்கள் அதிகாரத்தில் இருந்ததே இல்லை என்று சமூகத் தலைவர்கள் சொல்லிவிட முடியாது. வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் தொழில் சங்கங்களும் அரசு சாரா இயக்கங்களும் மகஜர் தயாரிக்கும்போது, ஆள் வேண்டும் என்ற வரிக்குப் பக்கத்திலேயே பயிற்றுநருக்கு ஆண்டுக்கு 7 நாள் ஊதியத்தோடு கூடிய பயிற்சி என்ற வரியையும் தெளிவாக எழுத வேண்டும். அரசாங்க ஊழியருக்கு 2005 முதல் இருப்பதைத்தான் அவர்களுக்கும் கேட்கிறோம்.