வெங்காயத் தோலும் சாகண் பிள்ளைகளும்

புணேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாகண், இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளால் பிரசித்தி பெற்றிருந்தாலும், அவ்வூருக்கு வெங்காயச் சந்தை தேடித் தந்த கியாதியும் சாமானியமானதன்று. நம் தேசத்துப் பள்ளிகள் பலவற்றில், வெங்காயத் தோலின் செல்லைப் புத்தகத்துப் படத்தில் மட்டுமே கண்டு, அதையே வரைந்து, பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. வேறெந்த ஊரில் அதைப் பொறுத்தாலும், மூட்டை மூட்டையாக வெங்காயம் ஏலம் போகும் சாகணில் பொறுக்கலாகாது.

இவ்வழக்கத்துக்கு நேர்மாறாக, 1660 ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் தோன்றிய ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் சபை, எவர் வாக்கையும் பரீட்சிக்காமல் ஏற்பதில்லை என்பதைத் தன் விரதமாகக் கொண்டது. அச்சபையின் பரிசோதனைகளை நடத்திய ராபர்ட் ஹூக், தக்கையைக் கூரிய கத்தியால் மெல்லியதாகச் சீவிக் கரிய தகட்டின்மேல் வைத்து நுண்ணோக்கியால் நோக்கி, அதிலே சிற்றறைகளைக் கண்டு, ஒரு கன அங்குலத்தில் அவை 125 கோடிக்கு மேற்படும் என்று கணக்கிட்டு, 1665 இல் தம் 'மைக்ரோகிராஃபியா'வில் வெளியிட்டார். ஆனால் அவர் கண்டவை உயிர் நீங்கிய வெறும் சுவர்களே.

உயிருள்ளவற்றைக் கண்டவர், லத்தீன் அறியாத ஜவுளி வியாபாரியான டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக். மிளகுக்குக் காரம் எதனால் வந்தது என்றறிய அதை நீரில் ஊறவைத்த அவர் (அது மலையாளக் கரை மிளகாகவே இருந்திருக்கலாம் என்றெண்ணுவதில் எனக்கொரு சிறு கர்வம் உண்டு), அந்நீரில் எண்ணிலடங்காத நுண்ணுயிர்கள் திரிவதைக் கண்டு 1676 இல் லண்டனுக்கு எழுதினார். சபையினர் நம்பவில்லை. ஹூக் தாமே மிளகை ஊறவைத்து, 1677 நவம்பரில் அவர்கள் கண்ணாலேயே காணச் செய்த பிறகுதான் நம்பினார்கள். அந்தப் பிடிவாதத்தைத்தான் நம் வகுப்பறைகள் இழந்துவிட்டன.

வெங்காயத்தின் சதைப்பற்றான இதழில் உட்புறத்துச் சவ்வை இடுக்கியால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் சுருக்கமின்றிப் பரப்பி, அயோடின் ஒரு துளி விட்டு, குமிழி புகாதபடி மேல்கண்ணாடியைச் சாய்வாக இறக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், செங்கல் அடுக்கியதுபோல் நீண்ட செல்களும் ஒவ்வொன்றிலும் பழுப்பேறிய உட்கருவும் தெரியும். படத்தில் நடுநாயகமாக அமர்ந்திருந்த உட்கரு, இங்கே பல செல்களில் சுவரோரமாக ஒதுங்கிக் கிடப்பானேன் என்று ஒரு பிள்ளை கேட்டால், செல்லின் நடுவிடத்தைப் பெரிதும் அடைத்துக்கொண்டிருக்கும் நுண்குமிழைப் பற்றி ஆசிரியர் அப்போது சொல்லலாம். வரைபடம் அக்கேள்வியை எழுப்பாது.

பணமில்லை என்பது சாகணில் செல்லாத சமாதானம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற மனு பிரகாஷும் அவருடைய சகாக்களும் 2014 இல் அறிவித்த 'ஃபோல்ட்ஸ்கோப்' என்னும் காகித நுண்ணோக்கிக்கு மூலப்பொருட் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமோ, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென்கிறது. சாகண் தொழிற்சாலை அதிபர்கள் அதில் ஒரு சிறு பங்கை அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் நுண்ணோக்கிகளுக்கு ஒதுக்க வேண்டும்; தலைமையாசிரியர்களும் அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காமல், பரீட்சைக்கு முன்பாக ஒவ்வொரு பிள்ளையையும் ஒருமுறையேனும் பார்க்கச் செய்ய வேண்டும்.