தீபாவளிக்கு வீட்டிலேயே பாத்திர விற்பனை: ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இருக்கிறதா?

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். சேலம் அம்மாபேட்டையிலோ, நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்திலோ ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருக்கிறது. நடுவில் எவர்சில்வர் டப்பா செட், முறுக்கு அச்சு, நான்-ஸ்டிக் தவா, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். அடுப்படியிலிருந்து சுண்டல் வாசம். வந்திருப்பவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள், மகளிர் குழுவில் உடன் இருப்பவர்கள்.

“சும்மா வந்து பாருங்க அக்கா, வாங்கித்தான் ஆகணும்னு இல்லை” என்றுதான் அழைப்பு போயிருக்கும். ஆனால் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வர யாருக்கும் மனம் வராது. கடைசியில் ஒரு டப்பாவாவது கைக்கு வந்துவிடும். அது தேவைப்பட்டதா, இல்லையா என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்களுக்கு இந்த விற்பனை நல்ல வழிதான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அங்கே பாத்திரத்தோடு சேர்த்து உறவும் விலைக்கு வருகிறது. வந்தவர் சங்கடமில்லாமல் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தால் மட்டுமே அது நியாயமான வியாபாரம். பண்டிகை விற்பனைக்கான எந்த யோசனையும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்த முறை?

அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் 1940-களில் காற்றுப் புகாத மூடி கொண்ட பிளாஸ்டிக் டப்பாக்களை உருவாக்கினார். கடைகளில் அவை சரியாக விற்கவில்லை. அந்த மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று யாராவது செய்து காட்ட வேண்டியிருந்தது. பிரவுனி வைஸ் என்ற பெண் அதை வீட்டுக் கூடங்களில் செய்து காட்டி விற்றார். 1951-இல் டப்பர்வேர் கடை விற்பனையை நிறுத்திவிட்டு, வீட்டு விற்பனை முழுவதையும் வைஸிடம் ஒப்படைத்தது. 1954-இல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். ஆனால் 1958-இல் அதே நிறுவனம் அவரை வெளியே அனுப்பியது.

1996-இல் இந்தியாவுக்கு வந்த டப்பர்வேர், இங்கும் பெண்களைக் கொண்டே வீட்டு விற்பனையை வளர்த்தது. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைக்குள் அந்த டப்பாக்கள் நுழைந்தது இப்படித்தான். 2024 செப்டம்பரில் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. பெரிய நிறுவனமே தடுமாறினாலும் அது கற்றுக்கொடுத்த முறை நிற்கவில்லை. இன்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, உள்ளூர்ப் பெண்கள் தாங்களாகவே அதைச் செய்கிறார்கள்.

இந்த மண்ணுக்குப் புதிதல்ல

வாசலில் பாத்திரம் வாங்குவது சேலம், நாமக்கல் பக்கம் பழைய பழக்கம்தான். சைக்கிளில் பாத்திரம் கட்டி வந்து தவணைக்குக் கொடுத்தவர்களையும், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தவர்களையும் இன்றைய பாட்டிகள் நன்றாக அறிவார்கள். 1981-இல் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்கத் தொடங்கிய பிறகு ‘சேலம் ஸ்டெயின்லெஸ்’ என்பதே அடுப்படியில் ஒரு தர முத்திரையாக ஆனது. மாக்கல்லில் குடைந்த கல்சட்டிக்கும் சேலம் பெயர்பெற்ற ஊர்.

மகளிர் குழுக்களும் இங்கே வேர் பிடித்தவை. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் தொடங்கிய திட்டம், 1991-92-இல் சேலத்துக்கும் வந்தது. பாத்திரம் இருக்கிறது, கூடிப் பேசும் பெண்கள் இருக்கிறார்கள், பண்டிகைகளுக்கும் பஞ்சமில்லை. பிறகு வீட்டு விற்பனை வளராமல் இருக்குமா?

பண்டிகைக்குப் பண்டிகை என்ன செய்யலாம்?

*ஆடி:* ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் நோன்பு, ஆடிப்பெருக்கு, சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்று மாதம் முழுக்க வீடு கலகலப்பாக இருக்கும். ஆனால் பள்ளிக் கட்டணம் கட்டி முடித்த கையில் காசு இருக்காது. இது விற்கிற மாதம் அல்ல, செய்து காட்டுகிற மாதம். புதுக் கல்சட்டியை வாங்கியதும் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் ஊற்றிச் சில நாள் வைத்து, எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். இது தெரியாமல்தான் பல வீடுகளில் கல்சட்டி பரணில் கிடக்கிறது. பழக்கிய சட்டியில் ஒரு வத்தக்குழம்பு வைத்து, அடுப்பை அணைத்த பிறகும் அது கொதித்துக்கொண்டிருப்பதைக் காட்டினால் போதும். வேண்டியவர்கள் தாங்களே கேட்பார்கள்.

*நவராத்திரி:* கொலுவுக்கு எப்படியும் பெண்கள் வருவார்கள், அப்போதே கடை விரித்துவிடலாம் என்று தோன்றும். அது கூடாது. தாம்பூலம் வாங்க வந்தவரிடம் விலைப்பட்டியலை நீட்டுவது மரியாதை அல்ல. “விஜயதசமி முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் வைக்கிறேன், தேவைப்பட்டா வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

*தீபாவளி:* விசைத்தறிக் கூடங்களிலும் லாரிப் பட்டறைகளிலும் போனஸ் கைக்கு வரும் நேரம் இது. விற்பனை நாளைப் போனஸுக்குப் பிறகு வைப்பதே நல்லது. முன்னால் வைத்தால் எல்லாம் கடனில்தான் போகும். முறுக்கு அச்சை அடுக்கி வைப்பதைவிட, மாவு பிசைந்து வந்தவர் கையிலேயே கொடுத்துப் பிழியச் சொல்லலாம். கைப்பிடி வழுக்குகிறதா, திருகு இறுகுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதிரசத்துக்கான வடைச்சட்டி, ஜல்லிக்கரண்டி எல்லாவற்றுக்கும் இதுவே வழி.

*பொங்கல்:* போகிக்கு முன் ‘பழசு கொடுத்துப் புதுசு’ நாள் வைக்கலாம். பழைய அலுமினியத்தையும் பித்தளையையும் எல்லோர் கண்முன் எடை போட்டு, அன்றைய விலையைத் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். ஈயம் பூசுகிறவரை ஒரு நாள் வீட்டுக்கு வரவழைத்தால், புதுப்பானை வாங்க முடியாதவர்கூடப் பாட்டி காலத்துப் பித்தளைப் பானைக்கு ஈயம் பூசிப் பொங்கல் வைப்பார். விற்பனை ஒன்று குறையலாம். அடுத்த முறை அவரே நாலு பேரைக் கூட்டி வருவார்.

ரம்ஜானுக்குப் பிரியாணி அண்டா, கிறிஸ்துமஸுக்குக் கேக் அச்சு என்று தெருவில் யார் இருக்கிறார்களோ அவர்களையும் கணக்கில் வைக்கலாம். பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் இயந்திரம் வைத்திருப்பவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. பெயர் பொறித்த பாத்திரத்தைக் கடை திரும்ப எடுக்காது. அதனால் பணம் கொடுத்து, பாத்திரத்தை நன்றாகப் பார்த்த பிறகே பொறிக்க வேண்டும்.

கையில் என்ன மிஞ்சும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 15 பேர் வருகிறார்கள். 10 பேர் வாங்குகிறார்கள். ஆளுக்குச் சராசரி 400 ரூபாய் என்றால் விற்பனை 4,000 ரூபாய். 20 சதவீதம் லாபம் என்று வைத்தால் 800 ரூபாய். சுண்டல், டீக்கு 250, பாத்திரம் ஏற்றிவர ஆட்டோவுக்கு 150, வந்தவர்களுக்கு ஆளுக்கு 20 ரூபாயில் ஒரு சின்னக் கிண்ணம் என்றால் 300. மொத்தச் செலவு 700. மிச்சம் 100 ரூபாய். இதற்கு இரண்டு நாள் வேலை.

இதே கணக்கில், முன்கூட்டியே வாங்கி வைத்ததில் 5,000 ரூபாய்ச் சரக்கு விற்காமல் தங்கிவிட்டால்? அது ரெண்டு வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் மாதம் 100 ரூபாய் வட்டி. அந்த 100 ரூபாயும் அங்கேயே போய்விடும்.

எனவே சரக்கை வாங்கிக் குவிக்காமல், மாதிரிக்கு ஒவ்வொன்று மட்டும் வைத்து ஆர்டர் எடுப்பதே பாதுகாப்பு. கடைவீதியில் பழகிய பாத்திரக் கடைக்காரரிடம் “விக்காததைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?” என்று முதலிலேயே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். இலவசக் கிண்ணத்தை விட்டுவிட்டால் ஒரே அடியில் லாபம் 400 ரூபாய் ஆகிவிடும். வந்தவர் தலையில் ‘இலவசம் வாங்கிட்டோமே’ என்ற சுமையும் ஏறாது.

மொய் நோட்டு மாதிரி ஒரு கணக்கு

விசேஷ வீட்டில் மொய் எழுதினால், அது நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும். வீட்டு விற்பனையிலும் இதே கணக்கு மனதுக்குள் ஓடுகிறது. “அவ என்கிட்ட டப்பா வாங்கினா, நான் அவகிட்ட சேலை வாங்கணும்.” இரண்டு பேர் வீட்டிலும் தேவையில்லாத பொருள் சேரும். கடைசியில் லாபம் அந்த இரண்டு பேருக்கும் இல்லை.

இதைவிடக் கூர்மையான சிக்கல் மகளிர் குழுவில் வருகிறது. பாத்திரம் விற்பவர் குழுவின் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தால், அடுத்த கடனுக்குக் கையெழுத்து போட வேண்டியவரும் அவரே. அவர் “ஒரு குக்கர் எடுத்துக்கோ” என்றால் எந்த உறுப்பினர் மறுப்பார்? கடன் தவணை கட்டும் நாளில், அதே பாயில், பாத்திரம் விரிக்கக் கூடாது. குழுக் கூட்டம் வேறு நாள், விற்பனை வேறு நாள் என்று குழுவே தீர்மானம் எழுதிக்கொள்வது நல்லது. விற்ற பணத்தைச் சேமிப்பிலிருந்து கழித்துக்கொள்ளும் பேச்சுக்கே இடம் தரக் கூடாது.

மாமியார் முன்னால் மருமகளிடம் “உனக்கு எது பிடிச்சிருக்கு?” என்று கேட்பதும் ஒரு நெருக்கடிதான். வேண்டும் என்றாலும் வம்பு, வேண்டாம் என்றாலும் வம்பு. இதற்கு எளிய வழி உண்டு. எல்லோர் கையிலும் ஒரு ஆர்டர் சீட்டைக் கொடுத்து, வீட்டுக்குப் போய் எழுதி அனுப்பச் சொல்லலாம். யார் என்ன வாங்கினார், யார் வாங்கவில்லை என்பது சபையில் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நாளில் சீட்டு வரவில்லையா, அதோடு விட்டுவிட வேண்டும். திரும்பப் போன் போடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2021 டிசம்பர் 28 அன்று நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளை அறிவித்தது. நேரடி விற்பனை நிறுவனங்களையும் அவற்றின் விற்பனையாளர்களையும் இவை கட்டுப்படுத்தும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. விலை, திருப்பிக் கொடுக்கும் முறை, உத்தரவாதம் ஆகியவற்றை விற்கும்போதே சொல்ல வேண்டும். ஆள் சேர்த்து ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடு திட்டங்களுக்குத் தடை உண்டு.

“நாலு பேரைக் கூட்டி வந்தா உங்க குக்கர் காசு திரும்பக் கிடைச்சிடும்” என்ற பேச்சைக் கேட்டதும் உஷாராக வேண்டும். இப்படி ஆசை காட்டி வாங்க வைப்பதையும் இந்த விதிகள் தடுக்கின்றன. சேருவதற்கே பணம், கட்டாயமாக ஒரு பெட்டி சரக்கு என்று கேட்டால் அங்கிருந்து எழுந்து வருவதே புத்திசாலித்தனம்.

கடையில் வாங்கி வீட்டில் விற்கும் பெண்ணை இந்த விதிகள் நேரடியாகத் தொடாமல் போகலாம். ஆனாலும் பில் கொடுப்பது, விலையை எழுதி ஒட்டுவது, பழுதென்றால் மாற்றித் தருவது ஆகிய மூன்றும் அவருக்கும் பொருந்தும் ஒழுங்குதான். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரை இல்லாத குக்கரை ‘தீபாவளி ஆஃபர்’ என்று விற்றால், அது வெடிக்கும் நாளில் உறவும் சேர்ந்து வெடிக்கும். புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

இவ்வளவு பார்த்தால் வியாபாரம் நடக்குமா?

“கடைக்காரன் மட்டும் நெருக்கி விக்கலையா? வீட்டுல விக்கிற பொம்பளைக்கு மட்டும் ஏன் இத்தனை நியாயம்?” என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் கடைக்காரரைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். பக்கத்து வீட்டு அக்காவை விட்டு எங்கே போவது? மறுநாள் காலை அதே குழாயடியில்தான் நிற்க வேண்டும்.

வீட்டில் விற்பவருக்கு இருக்கும் பெரிய முதலே அந்தப் பழக்கமும் நம்பிக்கையும்தான். ஒரு தீபாவளிக்கு அதை நெருக்கிப் பிழிந்தால் பத்து டப்பா கூடுதலாக விற்கலாம். பொங்கலுக்குக் கூப்பிடும்போது பாதிப் பேர் “தலைவலி, வர முடியலை” என்பார்கள். ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவரிடம் “பரவாயில்லைக்கா, சுண்டல் எப்படி இருந்துச்சு?” என்று மனதார கேட்கிறவர் வீட்டுக்கு, அடுத்த பண்டிகைக்கும் ஆள் வரும்.