யாருக்கு எந்தப் படிப்பு?

பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம்மிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர் பலர் ஒரே விதமாகப் பேசுகிறார்கள். "பெண் குழந்தைக்கு யந்திரப் படிப்பு ஒத்துவருமா, ஸார்? அவளுக்கே அதில் பிரியமில்லை" என்கிறார்கள். பையனாயிருந்தால், "ஆண்பிள்ளைக்கு நர்ஸ் படிப்பு எதற்கு? அவனே வேண்டாமென்கிறான்" என்கிறார்கள்.

குழந்தையின் பிரியத்தை மதிப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பிரியம் எங்கிருந்து வந்தது? தம்பி கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் "கெட்டிக்காரன்" என்று மெச்சுகிறோம்; அக்காள் பிரித்தால் "பெண்பிள்ளைக்கு இது என்ன வேலை?" என்று அதட்டுகிறோம். பத்து வருஷமாகக் கேட்ட வார்த்தையைப் பதினைந்தாம் வயதில் குழந்தை நம்மிடமே திருப்பிச் சொல்கிறது. அதற்குத்தான் பிரியம் என்று பெயர் வைக்கிறோம்.

சென்னையில் நடந்த விஷயம் ஒன்று உண்டு. 1919-ல் பிறந்த லலிதா என்ற பெண்மணிக்குப் பதினைந்தாம் வயதில் விவாகம். பதினெட்டாம் வயதில் கணவர் காலமானபோது கையில் நான்கு மாதக் குழந்தை. அத்தகைய பெண்ணுக்கு அக்கால உலகம் ஒதுக்கிய இடம் வீட்டு மூலைதான். அவருடைய தகப்பனார் சுப்பாராவ் கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலையில் ஆசிரியர். அதுவரை பெண்களே படித்திராத அக்கலாசாலையின் தலைவர் சாக்கோவிடம் அவர் மகளுக்காகப் பேசினார். 1940-ல் இடம் கிடைத்தது. பிறகு த்ரேஸ்யா, லீலம்மா ஜார்ஜ் என்னும் இருவரும் சேர்ந்தார்கள். லலிதாவின் பட்டப் பத்திரத்தில் 'அவன்' என்றே அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். பின்னாளில் லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகளில் பங்கு கொண்டார். த்ரேஸ்யா 1971-ல் கேரளப் பொது மராமத்து இலாகாவின் தலைமை இஞ்சினீயரானார்.

இவர்களுடைய திறமை கிண்டியில் புதிதாக முளைத்ததன்று. தகப்பனார் போய்க் கேட்டார்; கதவு திறந்தது. அவர் கேளாமல் இருந்திருந்தால், "லலிதாவுக்கு அதிலெல்லாம் பிரியமில்லை" என்றே ஊரார் சொல்லியிருப்பார்கள்.

எல்லாக் குழந்தைகளுக்கும் தகப்பனார் கலாசாலை ஆசிரியராக வாய்ப்பதில்லை. ஆகவே உபாத்தியாயர்களாகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. எல்லாப் பெண்களும் இஞ்சினீயராக வேண்டும், எல்லாப் பையன்களும் நர்ஸாக வேண்டும் என்பது நம் கட்சியன்று. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுமுன் பெண்ணை ஒரு தொழிற்சாலைக்கும், பையனை ஓர் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் சென்று காட்டுங்கள். அந்த வேலையைச் செய்கிறவர்களோடு பேச விடுங்கள். அதன் பிறகும் "வேண்டாம்" என்றால், அது குழந்தையின் சொந்த வார்த்தை. அதற்கு நாம் கட்டுப்படலாம்.