எண்ணெய்ச் சட்டியும் நேரமில்லை என்ற சாக்கும்

பொதுக்கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தொண்டர்களைக் கேட்டுப் பாருங்கள்: இன்றிரவு ஆகாரம் என்ன? பாதிப்பேர் புரோட்டா என்பார்கள். மீதிப்பேர் பஜ்ஜியும் டீயுமே போதும் என்பார்கள். வீட்டில் ஏன் உண்ணவில்லையென்றால், நேரமில்லை என்ற ஒரே விடைதான் வரும். தேகத்துக்கு ஏற்ற உணவு சமைக்க வெகுநேரமாகும், வறுத்ததும் பொரித்ததுமே நொடியில் கிடைக்கும் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. அது பொய்யான எண்ணம். அந்தப் பொய்யினால் விளையும் கேடோ சிறிதன்று.

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு ஸ்திரீகளில் நூற்றுக்கு 40 பேரும், புருஷர்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டென்று 2023ல் வெளியான பெரிய மருத்துவ ஆய்வொன்று கணக்கிட்டது. இவற்றுக்கெல்லாம் எண்ணெய் ஒன்றே காரணமென்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி இருக்க, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. வயிறு நிறைந்ததை நாக்கு அறியுமுன்னே கணக்கு மிஞ்சிவிடுகிறது.

நமது வீட்டுக் கதையையே சொல்லுகிறோம். பதினைந்து வருஷ காலம் கோர்ட்டு இடைவேளையில் போண்டாவைத் தவிர வேறு பலகாரத்தை நாம் மதித்ததில்லை. சென்ற ஆண்டு வைத்தியர் நமது இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வாயால் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார். வீட்டுக்கு வந்து, சமையலில் எண்ணெயைக் குறைக்கலாகாதா என்று மனைவியிடம் வக்கீல் தோரணையில் விசாரித்தோம். "எண்ணெயைக் குறைத்த நாளெல்லாம் தட்டைத் தள்ளி வைத்தது நீங்கள்தானே?" என்று ஒரே கேள்வியில் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

பிறகு கணக்கெடுத்தோம். நாலு பேர் உள்ள குடும்பத்தில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவாகியிருந்தது. தலைக்கு நாளொன்றுக்கு 30 கிராம், கலோரியில் 270. கடையில் தின்றது இதில் சேரவில்லை. டப்பாவிலிருந்து நேரே சட்டியில் சாய்க்கும் வழக்கத்தை விட்டு, 5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டியால் அளந்து விட்டபோதுதான், ஒரு தாளிப்புக்கு ஒரு கரண்டியே தாராளம் என்பது புலப்பட்டது. கடுகு வெடிக்க ஆழ்ந்த குளம் வேண்டுமா?

நேரக் கணக்குக்கு வருவோம். அரைக்கீரை ஒரு கட்டு. நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், சிறிது சீரகம். கொஞ்சம் தண்ணீரில் மூடாமல் வேகவிட்டு, உப்பிட்டு, மத்தால் கடைந்தால் மசியல் தயார். அடுப்பில் இருப்பது 10 நிமிஷந்தான். கீரையை ஆய்வதற்கல்லவா நேரமாகும் என்பீர்கள். அதைப் பத்திரிகை படிக்கக் கேட்டுக்கொண்டே செய்யலாம். கட்சிக்காரர் சொல்லும் நீண்ட விருத்தாந்தத்தைக் கேட்டுக்கொண்டும் செய்யலாம்.

காலையில் வெளியே போகும்போது பாசிப்பயற்றைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போங்கள். இரவில் தக்காளி, இஞ்சி, வெங்காயத்தோடு குக்கரில் வைத்தால், நீங்கள் கைகால் கழுவி வருமுன் வெந்துவிடும். உலர்ந்த பயறு 100 கிராமில் புரதம் 20 கிராமுக்கு மேல். கொழுப்போ 2 கிராமுக்கும் குறைவு. வறுவலுக்காகக் காத்திருக்கும் மீனைப் புளிக்குழம்பில் இட்டால் அடுப்பை விட்டு இறங்கப் பத்து நிமிஷம் போதும். மத்தி மீனில் கொழுப்பு உண்டே என்பாருக்கு: அது இருதயத்துக்கு நன்மை செய்யும் கொழுப்பு, அஞ்ச வேண்டியதில்லை.

இட்லியைப் பற்றித் தமிழருக்குச் சொல்ல வேண்டுமா? தட்டில் ஈரத்துணி விரித்து வார்ப்பது நம் பாட்டிமார் வழக்கம். தட்டில் தடவும் எண்ணெய்கூட மிச்சம். ஆனால் ஆவியில் வெந்த அந்த உத்தமமான பண்டத்தின் பக்கத்தில், மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் மிதக்கவிட்டு வைத்துக்கொள்கிறோம். மாவு மிஞ்சினால் முறுகல் தோசை! மிச்சம் பிடித்தது அங்கேயே போயிற்று.

இன்னொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் வெள்ளைச் சோற்றை மலைபோல் குவிப்பவர்கள் உளர். இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதென்று 2025ல் ஓர் ஆய்வு காட்டிற்று. குறைத்த எண்ணெயின் இடத்தில் பயறும் கீரையும் மோரும் வர வேண்டுமேயன்றி, மற்றொரு கரண்டிச் சோறு வரலாகாது. கொழுப்பை அடியோடு விலக்குவதும் பிசகு. ஏ, டி, ஈ, கே என்னும் வைட்டமின்கள் அதன் துணையின்றி உடலில் நன்றாகச் சேரா. சிறு குழந்தைகளின் தட்டில் நம் வைராக்கியத்தைக் காட்ட வேண்டாம்.

ராஜீய விவகாரத்தில் ஈடுபட்டோர்க்கு ஒரு வார்த்தை. தேசம் உண்ணும் சமையலெண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலேறி வருவது. 2022 ஏப்ரலில் இந்தோனேஷியா சில வாரம் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, கலங்கியது நமது கடைத்தெரு. எண்ணெயை 10 சதவீதம் குறைக்கும்படி பிரதம மந்திரி 2025ல் ஜனங்களைக் கேட்டார். அவர் கட்சியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தகராறின்றிச் சட்டியைப் பார்க்கலாம்.

ஆனால் யார் பார்ப்பது? 2024ம் வருஷத்து அரசாங்க நேரக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் ஸ்திரீகள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். செய்யும் புருஷர்கள் 88 நிமிஷம். புருஷரில் பெரும்பாலோர் அவ்வேலையைத் தொடுவதே இல்லை. நேரமில்லை என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டென்று வாசகரே தீர்ப்பளிக்கட்டும். குறைந்த எண்ணெயில் சமைக்கும்படி மனைவிக்கு உத்தரவிட்டுவிட்டு, வாழைக்காய் வறுவல் எங்கே என்று கேட்பவர், சுதந்திரம், சமத்துவம் முதலிய பதங்களை மேடையில் சற்று நிதானித்தே உபயோகிக்க வேண்டும்.

இப்பொழுது நம் வீட்டில் வாரத்தில் மூன்று இரவு அடுப்பு நம் பொறுப்பு. எண்ணெய் மாதம் இரண்டரை லிட்டரில் நிற்கிறது. முதல் வாரத்தில் மசியலில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டோம். குழந்தைகள் அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.