இரும்புச்சத்து மாத்திரை: வாந்தி நின்றாலும் ஆபத்து நீங்குவதில்லை

2023 மார்ச் மாதம் உதகமண்டலத்தில் பள்ளி மாணவ, மாணவியர் சிலர் போட்டி போட்டுக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரைகளை அளவுக்கு அதிகமாக உட்கொண்டனர். அவர்களுள் ஒரு மாணவி கல்லீரல் பாதிப்பால் சில நாட்களில் உயிரிழந்தார். இரத்தசோகையைத் தடுக்க வாரம் ஒன்று வீதம் வழங்கப்படும் மாத்திரையே, எண்ணிக்கை மிகும்போது நஞ்சாகிறது.

வளரிளம் பருவத்தினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் வழங்கப்படும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நான்கு மாத்திரைகளே நச்சு அறிகுறிகளை உண்டாக்கலாம். 10 மாத்திரைகள் உயிரையே பறிக்கலாம்.

முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தோன்றும். இரத்தமும் கலந்து வரலாம். பின்னர் குழந்தை தேறிவிட்டதுபோல் காணப்படலாம். இதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உடலில் பரவிய இரும்பு, அடுத்த ஓரிரு நாட்களில் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் கல்லீரல் செயலிழப்பையும் ஏற்படுத்தக்கூடும்.

அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மாத்திரை அட்டையை உடன் கொண்டு சென்று, எத்தனை மாத்திரைகள், எப்போது விழுங்கப்பட்டன என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். தேவைப்பட்டால், இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் டெஃபெராக்சமின் என்னும் மருந்து செலுத்தப்படும்.

அச்சத்தால், பரிந்துரைக்கப்பட்ட மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வையுங்கள்.