தப்பு செய்த நர்ஸைக் கூண்டில் ஏற்றினால் அடுத்த நோயாளி பிழைப்பாரா?

நர்சிங் முதல் வருடத்திலேயே எல்லோரும் மனப்பாடம் செய்யும் பாடம் ஒன்று உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதற்கு 'ஐந்து சரிகள்' என்று பெயர். சில புத்தகங்களில் இது ஆறு, ஏழு, பத்து என்று வளர்ந்துகொண்டே போகிறது. வைவாவில் கேட்பார்கள். பரீட்சையில் வரும். சில வார்டுகளில் சுவரிலும் ஒட்டியிருப்பார்கள்.

நல்ல விஷயம்தானே, இதில் என்ன குறை என்று கேட்கலாம். இந்த ஐந்தும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று மட்டும்தான் சொல்கின்றன, எப்படிப் போவது என்று சொல்வதில்லை. அதுதான் குறை. 'சரியான மருந்தைக் கொடு' என்று நர்ஸிடம் சொல்வதும், 'விபத்து இல்லாமல் ஓட்டு' என்று பஸ் டிரைவரிடம் சொல்வதும் ஒன்றுதான். பிரேக் சரியில்லாத பஸ்ஸைக் கொடுத்து, இரண்டு ஷிப்ட் சேர்த்து ஓட்டச் சொல்லிவிட்டு, எங்காவது மோதியதும் 'அப்போதே சொன்னோமே' என்று கை கழுவினால் எப்படி இருக்கும்? மருந்துத் தவறுகளில் உலகம் முழுக்க நடப்பது பெரும்பாலும் இதுதான்.

2017 டிசம்பர் 26. அமெரிக்காவில் டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 75 வயதுப் பெண்மணி ஒருவர் மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவிலிருந்து தேறி வந்துகொண்டிருந்தார். அவரை பெட் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். குறுகிய இடத்தில் படுக்க அவருக்குப் பயம். பயத்தைக் குறைக்க டாக்டர் வெர்செட் என்ற மருந்தை எழுதினார். ரடோண்டா வாட் என்ற நர்ஸ் அதை எடுக்கப் போனார்.

அங்கே மருந்துகள் கம்ப்யூட்டர் அலமாரியில் இருக்கும். பெயரை அடித்தால் இழுப்பறை திறக்கும். அவர் ஆங்கிலத்தில் வி, இ என்று இரண்டு எழுத்தை அடித்தார். வெர்செட் வரவில்லை, ஏனென்றால் அலமாரி அந்த மருந்தை மிடசோலம் என்ற பொதுப்பெயரில் வைத்திருந்தது. உடனே 'ஓவர்ரைடு' பட்டனை அழுத்தி மறுபடியும் அதே இரண்டு எழுத்தை அடித்தார். இப்போது வந்தது வெக்குரோனியம். அதை எடுத்துப் போய் ஊசி போட்டார். அந்த ஸ்கேன் பகுதியில் பார்கோடு ஸ்கேனர் இல்லை. சுமார் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது நோயாளிக்கு மூச்சில்லை. இதயத்தை மீண்டும் துடிக்க வைத்தார்கள், ஆனால் மூளை போய்விட்டது. மறுநாள் அவர் இறந்தார்.

நர்ஸ் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது, பெரிய தப்புதான். திரையில் வந்த எச்சரிக்கையை அவர் கவனிக்கவில்லை. குப்பியின் மூடியிலேயே 'இது செயலிழக்கச் செய்யும் மருந்து' என்று எழுதியிருந்தது, அதையும் படிக்கவில்லை. வெர்செட் திரவமாக வரும். இவர் கையில் இருந்ததோ பவுடர். எப்படிக் கலக்க வேண்டும் என்று பார்க்கக் குப்பியின் பின்பக்கத்தைப் படித்தவர் முன்பக்கத்தில் இருந்த பெயரைப் படிக்கவில்லை. ஊசி போட்டபின் பக்கத்தில் நின்று கவனிக்கவும் இல்லை. இதையெல்லாம் மூடி மறைத்து அவருக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

இங்கேதான் மருந்தியல் வருகிறது. மிடசோலம் மூளையில் வேலை செய்யும் மருந்து. பதற்றத்தைக் குறைக்கும், தூக்கம் வரவைக்கும், அளவு கூடினால் மூச்சை மந்தமாக்கும். வெக்குரோனியம் மூளையைத் தொடுவதே இல்லை. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைத் தசையிலேயே மறித்துவிடும். கை கால் அசையாது, கண் இமை அசையாது, கடைசியில் உதரவிதானமும் நின்றுவிடும். ஆனால் நினைவு இருக்கும். மூச்சு விட முடியவில்லை என்று நோயாளிக்குத் தெரியும், கத்த மட்டும் முடியாது. அதனால்தான் மயக்கம் கொடுத்து, செயற்கைச் சுவாசக் கருவி தயாராக இருக்கும் இடத்தில் மட்டுமே இதைப் போடுவார்கள்.

இந்த வித்தியாசம் பழக்கமாக ஊறிப்போன ஒருவருக்குப் பவுடரைப் பார்த்ததும் கை நின்றிருக்கும். மிடசோலம் கொடுத்தாலே மூச்சைக் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமாகிப்போன இடத்தில், ஊசி போட்டுவிட்டு யாரும் நகர்ந்திருக்க மாட்டார்கள். மருந்தே தவறாகப் போயிருந்தாலும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். 'ஐந்து சரிகள்' இதில் எதையும் சொல்லித் தருவதில்லை. இந்த மருந்து எதற்கு, எப்படி வேலை செய்கிறது, வழக்கமான அளவு என்ன, கொடுத்தபின் எதைக் கவனிக்க வேண்டும், தவறினால் மாற்று மருந்து எது? இந்த ஐந்து கேள்விக்கு ஒவ்வொரு மருந்துக்கும் பதில் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். ஆனால் நர்சிங் படிப்பில் மருந்தியல் எப்படி நடக்கிறது? மருந்துப் பட்டியலை நெட்டுரு போட்டு, பக்கவிளைவு என்று கேட்டால் 'குமட்டல், வாந்தி, தலைவலி' என்று எல்லா மருந்துக்கும் ஒரே பதிலை எழுதி பாஸ் ஆவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

சரி, நாஷ்வில்லில் பிறகு என்ன நடந்தது? தவறு தெரிந்த உடனே அந்த நர்ஸ் ஒப்புக்கொண்டார். டாக்டர்களிடம் சொன்னார், அறிக்கை எழுதிக் கொடுத்தார். சில நாட்களில் வேலை போனது. ஆஸ்பத்திரி என்ன செய்தது? இப்படி ஒரு மரணம் நடந்தால் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவிக்கவில்லை. மரண விசாரணை அதிகாரியிடம் மூளை ரத்தக்கசிவு என்று சொன்னார்கள், வெக்குரோனியம் பற்றிப் பேச்சே இல்லை. இயற்கை மரணம் என்று சான்றிதழ் வந்தது. குடும்பத்தோடு சத்தமில்லாமல் சமரசம் செய்துகொண்டார்கள். 2018 அக்டோபரில் பெயர் சொல்லாத யாரோ ஒருவர் தகவல் கொடுத்த பிறகுதான் மத்திய அரசின் விசாரணை வந்தது, விஷயம் வெளியே தெரிந்தது.

2019 பிப்ரவரியில் நர்ஸ் கைது. அவர்மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முதலில் சொன்ன மாநில சுகாதாரத்துறை பிறகு மனம் மாறியது, 2021 ஜூலையில் லைசென்ஸ் பறிபோனது. 2022 மார்ச் 25 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. மே 13 அன்று மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாக விதிக்கப்பட்டது. ஜெயிலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி? மெடிகேர் பணத்தை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டல் வந்தது. திருத்தத் திட்டம் ஒன்றைக் கொடுத்ததும் அது அடங்கிப்போனது. கிரிமினல் வழக்கு எதுவும் இல்லை.

ஆக, ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை, மறைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதைப் பார்க்கும் அடுத்த நர்ஸ் என்ன கற்றுக்கொள்வார்? குப்பியைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்றா, அல்லது தப்பு நடந்தால் குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டு வாயைத் திறக்கக் கூடாது என்றா?

தனி ஆளைத் தண்டித்தால் தப்பு நிற்கும் என்று நம்புகிறவர்கள் ஹெபாரின் கதையைக் கேட்க வேண்டும். 2006 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நகரின் மெத்தடிஸ்ட் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவில், டிரிப்ஸ் குழாய் அடைக்காமல் இருக்கப் போடும் ஹெபாரினுக்குப் பதிலாக ஆயிரம் மடங்கு வீரியமுள்ள ஹெபாரின் போனது. மில்லிக்குப் 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட். இரண்டு குப்பியிலும் லேபிள் நீலம், அளவும் கிட்டத்தட்ட ஒன்று. பார்மசி ஊழியர் அலமாரியில் மாற்றி வைத்துவிட்டார். அந்த அலமாரியில் எப்போதும் 10 யூனிட்தான் இருக்கும் என்று பழகிய நர்ஸ்கள் அப்படியே எடுத்தார்கள். ஆறு குழந்தைகளுக்குப் போனது, மூன்று குழந்தைகள் இறந்தன.

இதற்குப் பிறகு எல்லோரும் உஷாராகியிருப்பார்கள் அல்லவா? 2007 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸின் சீடர்ஸ் சினாய் மருத்துவமனையில் அதே தவறு, அதே ஆயிரம் மடங்கு. இந்த முறை நடிகர் டென்னிஸ் குவெய்டின் பிறந்து சில நாளே ஆன இரட்டைக் குழந்தைகள். நல்லவேளை, பிழைத்தார்கள். ஊர் வேறு, ஆஸ்பத்திரி வேறு, நர்ஸ்கள் வேறு. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது அந்த நீல லேபிள்தான். கம்பெனி லேபிளை மாற்றத் தொடங்கியிருந்தது, ஆனால் பழைய குப்பிகள் ஆஸ்பத்திரிகளில் அப்படியே கிடந்தன. எத்தனை நர்ஸை வேலையை விட்டு அனுப்பினாலும் அந்தக் குப்பி அங்கேயேதான் இருந்திருக்கும்.

'இதெல்லாம் அமெரிக்காக் கதை, நமக்கென்ன' என்று தள்ளிவிட முடியாது. பார்கோடும் கம்ப்யூட்டர் அலமாரியும் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், டிரேயில் சிரிஞ்சுகளை அடுக்கிவைத்து, ஒரே நர்ஸ் நாற்பது பேருக்கு ஊசி போடும் வார்டில் என்ன ஆகும்?

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. சிரிஞ்சும் தனித்தனி. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினை 40 சிரிஞ்சில் எடுத்தால் நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. டாக்டர் எழுதியது 20, சிரிஞ்சில் தெரிவது 20, உடம்பில் போவது 50. நர்ஸின் கண்ணும் கையும் சரி, கணக்கும் சரி. ஆனாலும் நோயாளிக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். ஒரே வார்டில் இரண்டு வகையையும் வைத்திருக்க அனுமதித்தவர் யார்?

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். நிறமில்லாத திரவம், சின்ன ஆம்பூல். கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இதற்கு யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வைத்தியம் எதுவும் இல்லை. அடர் பொட்டாசியத்தை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பு 1998-லேயே சொல்லிவிட்டது. வார்டில் இல்லாத ஆம்பூலை யாராலும் மாற்றிப் போட முடியாது.

இந்த மாதிரி ஏற்பாடுகளைச் செய்யச் சொல்லி ஆஸ்பத்திரிகளை நெருக்குவதற்குப் பதிலாக நம் சட்டம் என்ன செய்திருக்கிறது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டு வருடம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு அதை ஐந்து வருடமாக்கியது. பதிவு பெற்ற மருத்துவர், சிகிச்சையின்போது என்றால் மட்டும் பழையபடி இரண்டு வருடம். அந்த 'மருத்துவர்' என்ற சொல்லுக்குள் நர்ஸ் வரமாட்டார். ஒரே அறை, ஒரே நோயாளி, ஒரே மருந்து. அளவைத் தப்பாக எழுதியவருக்கு உச்சவரம்பு இரண்டு. தப்பாகப் போட்டவருக்கு ஐந்து! டாக்டர் மீது வழக்கு என்றால் முதலில் வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான பாதுகாப்புதான். ஆனால் டாக்டரை மனதில் வைத்துச் சொன்னது. சிஸ்டருக்கு அந்தக் குடை எங்கே?

'அப்படியானால் நர்ஸ் என்ன செய்தாலும் விட்டுவிட வேண்டுமா, செத்தவர் உயிருக்கு மதிப்பில்லையா?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. வேண்டுமென்றே தீங்கு செய்தவரையும், குடித்துவிட்டு டூட்டி பார்த்தவரையும், செய்ததை மறைத்துக் கேஸ் ஷீட்டைத் திருத்தியவரையும் யாரும் விடச் சொல்லவில்லை. தவறியவரைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தலாம், மறுபயிற்சி கொடுக்கலாம், நர்சிங் கவுன்சில் விசாரிக்கலாம். குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லி, நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். ஆனால் நேர்மையாக ஒப்புக்கொண்ட தவறைக் கொலைக் குற்றத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. நாஷ்வில் தீர்ப்புக்குப் பிறகு, 2024-ல் கென்டக்கி மாநிலம் அப்படிப்பட்ட தவறுகளுக்குக் கிரிமினல் வழக்கு கூடாது என்று சட்டமே போட்டது. மிக மோசமான அலட்சியத்துக்கு மட்டும் அதில் விலக்கு இல்லை. கோடு கிழிக்க முடியாது என்பவர்களுக்கு இது பதில்.

உலக சுகாதார நிறுவனம் 2017 மார்ச்சில், தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைப்போம் என்று ஒரு இயக்கம் தொடங்கியது. அதே வருடக் கடைசியில் அந்த நாஷ்வில் பெண்மணி இறந்தார். ஐந்து வருடக் கெடு முடிந்த 2022-ல் உலகம் பார்த்தது ஒரு நர்ஸ் கூண்டில் நின்று அழுததைத்தான்.

மாணவர்களுக்கு மருந்தியலைக் கேள்வி கேட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும். பொட்டாசியத்தை வார்டிலிருந்து எடுக்கட்டும். ஒரு வார்டில் ஒரே வகை இன்சுலின், அதற்கான சிரிஞ்ச் மட்டும் இருக்கட்டும். மருந்து நிரப்பிய ஒவ்வொரு சிரிஞ்சிலும் பெயர் ஒட்டட்டும். இன்சுலின், ஹெபாரின் போன்றவற்றை இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்க்கட்டும். சரிபார்க்க இரண்டாவது ஆள் டூட்டியில் இருக்கட்டும். ஊசி போடும் முன்னே 'இது என்னமோ சரியில்லை' என்று நிறுத்திய நர்ஸைத் திட்டாமல் பாராட்டட்டும். இவ்வளவையும் செய்து முடித்த ஆஸ்பத்திரி, அதன்பிறகு நர்ஸைப் பார்த்து 'ஐந்து சரிகள் எங்கே போயிற்று' என்று தாராளமாகக் கேட்கலாம்.