தூங்கா நகரத்துல தூக்கம் வரலையா? தூக்கமின்மை எத்தனை வகை, காரணம் என்ன? - முழு விவரம்

நள்ளிரவு 2 மணி. மதுரை மாட்டுத்தாவணியில் லாரிகளில் இருந்து காய்கறி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாய்லர் அணையாது. விடியும் முன்பே மல்லிகைப்பூ வரத் தொடங்கிவிடும். அதே நேரத்தில், ஏதோ ஒரு தெருவில் ஒருவர் விளக்கை அணைத்துப் படுத்து 3 மணி நேரமாகியும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பார்.

மூட்டை இறக்கியவரும், புரண்டு படுத்தவரும் காலையில் சொல்வது ஒன்றுதான்: "ராத்திரி சரியா தூங்கல." ஆனால் இருவருக்கும் இருப்பது ஒரே பிரச்னை அல்ல. அதனால் தீர்வும் ஒன்றல்ல. இது புரியாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

'தூங்கா நகரம்': எத்தனை பழசு?

சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியிலேயே பகலில் கூடும் 'நாளங்காடி', இரவில் கூடும் 'அல்லங்காடி' என இரண்டு சந்தைகளைக் குறிப்பிடுகிறார் மாங்குடி மருதனார். அந்த இரவு வியாபாரம் இன்றும் தொடர்கிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க 2019-ல் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. 2022-ல் அது மேலும் 3 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கடை விழித்திருந்தால், அங்கே வேலை பார்ப்பவரும் விழித்திருக்க வேண்டும்.

தூங்க நேரம் இல்லையா? நேரம் இருந்தும் தூக்கம் இல்லையா?

மருத்துவம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். படுக்க இடமும் நேரமும் இருந்தும் தூக்கம் வராமல், மறுநாள் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு என அவதிப்பட்டால் அது தூக்கமின்மை. வேலை காரணமாகத் தூங்கவே நேரம் கிடைக்காவிட்டால் அது தூக்கக் குறைவு. இப்படிப்பட்டவர் படுத்த உடனே தூங்கிவிடுவார். அவருக்குத் தேவை மாத்திரை அல்ல, ஓய்வு.

எத்தனை நாளாக? 2 வகை

*குறுகிய காலத் தூக்கமின்மை:* 3 மாதத்துக்குள் இருப்பது. பரீட்சை, கடன், வீட்டில் துக்கம், வேலை இழப்பு என ஏதோ ஒன்று தூண்டிவிடும். பெரும்பாலும் காரணம் விலகியதும் தூக்கம் திரும்பிவிடும்.

*நாள்பட்ட தூக்கமின்மை:* வாரத்தில் குறைந்தது 3 இரவுகள் என 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பது. இதற்குக் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எப்போது தூக்கம் போகுது? 3 வகை

*படுத்ததும் தூக்கம் வரல:* மனப் பதற்றம், மாலைக்குப் பிறகு குடிக்கும் டீ, காபி, படுக்கையில் செல்போன் ஆகியவை முக்கியக் காரணங்கள். குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். தூக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழே, மதுரை கோடையில் அது எளிதல்ல.

*நடுவுல நடுவுல முழிப்பு வருது:* சர்க்கரை நோயால் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மூட்டு வலி, ஆஸ்துமா, மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் திடீர் உடல் சூடு ஆகியவை காரணமாகலாம். சத்தமான குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறலும் இருந்தால் அது 'ஸ்லீப் ஆப்னியா' எனும் தனி நோயாக இருக்கலாம். "சரக்கு அடிச்சா நல்லா தூக்கம் வரும்" என்பதும் பாதி உண்மைதான். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

*3, 4 மணிக்கே முழிப்பு வந்து, பிறகு தூக்கமே இல்ல:* வயதானவர்களிடம் அதிகம் காணப்படுவது. கூடவே எதிலும் விருப்பமின்மை, பசியின்மை, அழுகை இருந்தால் மன அழுத்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். அலட்சியம் கூடாது.

காரணம் போனாலும் தூக்கம் ஏன் திரும்பல?

கடன் அடைந்திருக்கும், பரீட்சை முடிந்திருக்கும். ஆனாலும் சிலருக்குத் தூக்கம் திரும்பாது. இழந்த தூக்கத்தை ஈடுகட்ட பகலில் நீண்ட நேரம் தூங்குவார்கள். இரவு 8 மணிக்கே படுக்கைக்குப் போவார்கள். "இன்னைக்காவது தூக்கம் வருமா?" என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாளடைவில் படுக்கையைப் பார்த்தாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும். குறுகிய காலப் பிரச்னை நாள்பட்டதாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு என்ன ஆகுது?

மூளைக்குள் ஓர் உயிர்க் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இந்தக் கடிகாரம் செல்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த 3 விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. விடிய விடிய வேலை பார்த்துவிட்டு, காலை வெயிலில் வீடு திரும்பிப் படுப்பவருக்கு உடல் சோர்ந்திருக்கும், கடிகாரம் "பகல் ஆச்சு" என்று சொல்லும். தூக்கம் 4, 5 மணி நேரத்தில் கலைந்துவிடும். இது தொடர்ந்தால் அதற்கு 'ஷிப்ட் வேலைத் தூக்கக் கோளாறு' என்று பெயர்.

இது அவர் உடல்நலத்தோடு முடிவதில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பே 0.03%தான். நான்குவழிச் சாலையில் லாரி, ஆம்னி பஸ் ஓட்டுபவருக்கு இது உயிர்ப் பிரச்னை.

மாத்திரை வாங்கிப் போடலாமா?

அல்பிரசோலம், சோல்பிடம் போன்றவை 'எச்1' பட்டியலில் உள்ள மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என 2014 முதல் விதி இருக்கிறது. தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும். நெடுநாள் எடுப்பவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. குறட்டை, மூச்சுத்திணறல் உள்ளவருக்கு இவை பாதிப்பை அதிகமாக்கலாம்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மருத்துவர்கள் சொல்வது, தூக்கப் பழக்கத்தையும் அது பற்றிய பயத்தையும் மாற்றும் 'சிபிடி-ஐ' எனும் ஆலோசனை சிகிச்சை.

என்ன செய்யலாம்?

- எப்போது படுத்தாலும், தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
- 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். கண் சொருகும்போது மட்டும் திரும்பப் படுங்கள்.
- மதியத்துக்குப் பிறகு டீ, காபியைத் தவிருங்கள்.
- இரவு வேலை பார்ப்பவர்கள் ஜன்னலைக் கெட்டித் துணியால் மறைத்து இருட்டாக்குங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் சிறிது நேரம் தூங்குங்கள். வேலை முடியும் நேரத்தில் டீ வேண்டாம்.
- 2 வாரம், எப்போது படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள் எனக் குறித்து வையுங்கள். எந்த வகை எனக் கண்டுபிடிக்க டாக்டருக்கு அது உதவும்.

அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு ஆலோசனை பெறலாம். மனச்சுமையால் தூக்கம் கெட்டால் 14416 'டெலி மானஸ்' எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். நள்ளிரவு 2 மணிக்கும் அங்கே ஆள் விழித்திருப்பார்கள்.